கூப்பிட்டதும் வந்த பிள்ளை

கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமைகளில் எங்கள் ஊர் ஈஸ்வரன் கோயிலில் அப்பா புராணம் படிப்பார். ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது ஊர். பாதி வீடுகளில் தமிழ், மீதி வீடுகளில் தெலுங்கும் கன்னடமும். அப்பா தக்காளி பயிரிட்டு ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரில்லை. ஆனால் பழைய பாட்டைப் பதம் பிரித்துச் சொல்ல அவருக்கு வரும், குரலும் நன்றாக இருக்கும். ஒரு பாட்டைப் படித்துவிட்டு, புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பொருள் சொல்வார். தமிழ் அவ்வளவாகப் புரியாதவர்களுக்காக நடுநடுவே தெலுங்கிலும் இரண்டு வார்த்தை போடுவார்.

கடைசித் திங்களன்று பிள்ளைக்கறிக் கதை. அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர் அடியார் இருக்கிறார். விருந்தாளிக்குச் சோறு போடாமல் தான் சாப்பிடாதவர். ஒருநாள் ஒரு சாமியார் வந்து, எனக்குப் பிள்ளைக்கறி வேண்டும் என்கிறார். ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், தாய் பிடித்துக்கொள்ள அப்பன் அரிய வேண்டும், இருவரும் மனம் நோகாமல் செய்ய வேண்டும். அடியாரும் அவர் மனைவியும் பள்ளிக்கூடத்திலிருந்து தங்கள் மகனை அழைத்து வந்து அப்படியே செய்கிறார்கள். இலை போட்டுப் பரிமாறியதும், உன் மகனையும் கூப்பிடு, அவனோடுதான் சாப்பிடுவேன் என்கிறார் சாமியார். அவன் வரமுடியாது என்கிறார் அடியார். கூப்பிட்டுப் பார் என்கிறார் சாமியார். வாசலுக்குப் போய்க் கூப்பிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிறவன் போல ஓடி வருகிறான். உள்ளே போய்ப் பார்த்தால் சாமியாரும் இல்லை, கறியும் இல்லை. வந்தது ஈஸ்வரன்.

பிள்ளை ஓடி வருகிற இடத்தில் பூசாரி மணியடித்துச் சூடம் காட்டுவார். வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த உருண்டையைப் பிள்ளை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

எழுபதுகளில் நான் சிறுமியாக இருந்தபோது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது நினைவிருக்கிறது. தாய் காலைப் பிடித்துக்கொண்டாள், ரெண்டு பேரும் சந்தோஷமாச் செஞ்சாங்க என்று அப்பா அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் அவரைக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யாருக்கும் அந்தக் கதை பயமாக இல்லை. எனக்கும் அக்காவுக்கும்தான் பயம். அந்த வாரம் காவி கட்டிய ஒருவர் எங்கள் வாசலில் பிச்சைக்கு வந்து நின்றார். அக்கா என்னை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "இந்த வூட்ல புள்ளைங்க யாரும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா இதைக் கேள்விப்பட்டு ரொம்ப நாள் சிரித்தார்.

அக்காவை ஓசூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா, அவள் கணவர், ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனாள். எண்பதுகளில் ஓசூரில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன, எனக்கும் ஒன்றில் வேலை கிடைத்தது. சின்னச் சின்னப் பாகங்களைக் குறட்டால் எடுத்துப் பொருத்துகிற வேலை. அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒரு கன்னடக்காரப் பெண், அக்கா வயதுதான். அவளும் அக்காவும் குழாயடியில் ஆரம்பித்து அடுப்படி வரைக்கும் சிநேகம் ஆகியிருந்தார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் பிள்ளை இல்லை. பிறகு ஒரு பையன் பிறந்தான். அந்த உருண்டையைச் சாப்பிட்டுப் பிறந்தவன் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள், அக்கா சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் தமிழும், பக்கத்து வீட்டு அத்தையிடம் கன்னடமும், வீட்டுச் சொந்தக்காரர் பிள்ளைகளிடம் தெலுங்கும் பேசினான். எந்த மொழி யாருடையது என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் அவனிடம் கன்னடம் பேசினால் கோபம் வந்துவிடும். "நீ சித்தி, நீ தமிழ்தான் பேசணும்" என்பான். சாயங்காலம் தெருமுனையில் பெரிய பையன்களோடு கோலி விளையாடப் போய்விடுவான். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வாசலில் நின்று, "சாப்புட வாடா கண்ணு" என்று இழுத்துக் கூப்பிடுவாள். முதல் தடவைக்கு வரமாட்டான். இரண்டாம் தடவை அந்தக் குரல் கொஞ்சம் உயரும். அப்போது டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான்.

அவனுக்கு ஆறு வயது நடந்தபோது, ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதான். பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மாமாவும் அக்காவும் ஒரு டாக்ஸியில் கிளம்பினார்கள். நான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுகொண்டே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூளைக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்றார். அது உண்மை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் முகமும் வாடியிருந்தது.

ஓசூர் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் பாயில் படுக்க வைத்தார்கள். ஊரிலிருந்து அப்பா வந்தார். அக்கா அதுவரை அழவில்லை. பிள்ளையைத் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்து வாசலுக்குப் போனாள். தெருமுனையைப் பார்த்து, "சாப்புட வாடா கண்ணு" என்று கூப்பிட்டாள். எப்போதும் கூப்பிடுகிற அதே குரல். கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடியும், குரலை உயர்த்திக் கூப்பிட்டாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து அவளைத் தோளோடு அணைத்து உள்ளே அழைத்துப் போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. மாமா ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு ஷிப்டு ஷிப்டாக வேலை செய்தார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், நல்ல பிள்ளைகளைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறது என்றார்கள். சாமிக்கு அவன் எதற்கு என்று அக்கா கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அடுத்த கார்த்திகையில் அக்கா ஊருக்குப் போகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன். அந்த வருஷம் கடைசித் திங்களுக்கு வேறொரு கதை படிக்கலாம் என்று அப்பா கோயில் பெரியவர்களிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். அக்காவுக்கு எப்படியோ அது தெரிந்திருந்தது. சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது அப்பாவிடம், "அந்தக் கதையே படிங்கப்பா. நான் கேக்கணும்" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

அன்றைக்கு அவர் குரல் நன்றாகவே இருந்தது. விருந்தாளி வந்தது, கேட்டது, பள்ளிக்கூடத்துக்கு அப்பன் போனது எல்லாம் ஒழுங்காக வந்தது. அக்கா தூணோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாது என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் காலைப் பிடிக்கிற பாட்டு வந்தது. படித்தார். பொருள் சொல்ல நிமிர்ந்தார். ரெண்டு பேரும் என்று ஆரம்பித்தவருக்கு, வருஷா வருஷம் சொல்கிற அந்தச் 'சந்தோஷமா' வாயில் வரவில்லை. தண்ணீர் குடித்தார். பொருள் சொல்லாமலே அடுத்த பாட்டுக்குப் போனார். கூட்டத்தில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிள்ளையைக் கூப்பிடுகிற இடம் வந்தது. அவன் ஓடி வந்தான். பூசாரி மணியடித்தார், சூடம் எரிந்தது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மணி ஓய்ந்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"நானுந்தான் கூப்ட்டேம்ப்பா" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கோயில் முழுக்கக் கேட்டது. அப்பா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூசாரி நல்ல மனிதர், அவளைத் தேற்ற நினைத்துத்தான் சொன்னார். "அவங்க பக்தி அந்த மாதிரிம்மா. அதான் புள்ள திரும்பி வந்துச்சு."

"அப்போ எங்கிட்டதான் கொறையா?" என்று அக்கா கேட்டாள்.

பூசாரிக்கு அப்போதுதான் தான் சொன்னது என்ன என்று புரிந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. அப்பா புத்தகத்தை மூடினார். "இல்ல" என்றார். பூசாரியைப் பார்த்து, இன்னொரு தடவை, "இல்லீங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு உருண்டை கொடுத்தார்கள். ஒரு வயதான அம்மாள் அக்காவின் கையிலும் ஒன்றை வைத்து, நீயும் சாப்பிடு, இன்னொன்று பிறக்கும் என்றாள். அக்கா மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு, பர்கூரிலிருந்து வந்திருந்த ஒரு புதுப்பெண்ணிடம் போய், அவள் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடிவிட்டு வந்தாள். அந்தப் பெண் எதுவும் புரியாமல் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அப்பாவால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கோயிலுக்குச் சொற்பொழிவு செய்ய வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அப்பா பஸ் பிடித்துப் போய், கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் கேட்டிருக்கிறார். ஈஸ்வரன் இப்படிக் கேட்கலாமா, பெற்றவர்கள் இப்படிச் செய்யலாமா, அதைப் பெருமை என்று நாம் ஏன் படிக்கிறோம் என்று. அவர் பொறுமையாகப் பதில் சொன்னாராம். அது நிஜக் கறி இல்லை, பிள்ளை என்றால் பற்று, நான் எனது என்கிற பற்றை அறுத்துச் சாமிக்குக் கொடுத்தால் அது சுத்தமாகித் திரும்பி வரும் என்பதுதான் உள்பொருள் என்றாராம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி வந்திருந்தது. நேராக ஓசூருக்கு வந்து அதை அக்காவிடம் சொன்னார்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். "எம் புள்ள பற்று இல்லப்பா" என்றாள். "அவனுக்கு முன்பல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த விளக்கத்தை அவர் பிறகு எங்கேயும் சொல்லி நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் மதியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவள் அக்காவிடம், அந்தக் கதை எங்கள் பக்கத்திலும் உண்டு என்றாள். அவள் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள். "எங்க பாட்டுல அந்தம்மா அழுவா அக்கா. அழுதுகிட்டேதான் எல்லாம் பண்றா. மெளகா அரைக்கறப்போகூட அழுவா. யாராச்சும் கேட்டா மெளகா காரம்னு சொல்லுவா."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். பாடு என்றாள். அவள் வெட்கப்பட்டாள். அம்மா பாடக் கேட்டது, பாதி மறந்துவிட்டது என்றாள். அக்கா விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகப் பாடினாள். நான் அன்றைக்கு இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வார்த்தைகள் முழுக்கப் பிடிபடவில்லை. மகனே மகனே என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மறந்த இடங்களில் அவள் வெறும் ராகத்தை இழுத்தாள். அக்கா சுவரில் சாய்ந்து கேட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பாட்டுக்காரியும் பாட்டை விட்டுவிட்டு அழுதாள். அவளும் அந்தப் பையனைத் தூக்கி வளர்த்தவள்தானே. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அதற்காக அக்கா தேறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அழத் தொடங்கினாள். சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, மாமா இருக்கும்போதும்கூட. மாமாவும் ஒருநாள் அவளோடு உட்கார்ந்து அழுதார். ஓவர்டைமைக் குறைத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டைப் பற்றி அக்காவே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த வருஷம் கடைசித் திங்களன்று அவர் பாட்டில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. எழுதியிருந்ததை அப்படியே படித்தார். தாய் காலைப் பிடிக்கிற பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து, "அந்தம்மா அழுதிருப்பா. புஸ்தகத்துல அது இல்ல. ஆனா அழுதிருப்பா" என்றார்.

கோயில் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அழுதிருந்தால் விரதம் கெட்டுப் போயிருக்குமே, சாமி சாப்பிட மறுத்திருப்பாரே, கதையே நிற்காதே என்றார்கள். எழுதி வைத்ததற்கு மேலே சொல்ல நீ யார் என்று ஒருவர் கேட்டார். அப்பா அதிகம் பேசுகிறவரில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "அழுவக் கூடாதுன்னு சாமியார் எதுக்குச் சொல்லணும்? அழுவ வரும்னு அவருக்கே தெரியும். அதனாலதான சொன்னாரு" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. அடுத்த கார்த்திகைக்கு ஒரு டேப்ரெக்கார்டரும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுத்து, யாரோ ஒரு வித்வான் படித்த கேசட்டைப் போட்டார்கள். யாரும் அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். வித்வானின் குரல் நன்றாக இருந்தது என்று சொன்னார். அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை, அதற்குப் பிறகு அவர் வயலில்கூடப் பாடாமல் போனதில்தான் தெரிந்துகொண்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. தனியாக விட முடியாமல் அக்கா ஓசூருக்கே அழைத்து வந்துவிட்டாள். எனக்கு அதற்குள் கல்யாணமாகி அதே ஊரில் வேறு தெருவில் இருந்தேன், சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். அக்காவுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அப்பா பெரும்பாலும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சாயங்காலம் அக்கா அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைப் பற்றி வீட்டில் யாரும் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா திடீரென்று, "அத எழுதனவருக்கு ஒரு புள்ள செத்திருக்கும்" என்றார்.

யாருக்கு என்று அக்கா கேட்டாள். அந்தக் கதையை முதன்முதலில் சொன்னவனுக்கு என்றார் அப்பா. ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததை மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். பிள்ளை போகிறது எல்லா வீட்டிலும் நடக்கிறது. எதற்காக என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சாமி கேட்டது, நாமே கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். "கூப்ட்டா வரணும்னு அவனுக்கு ஆச. நெசத்துல வரல. அதனால கதையில வர வெச்சுட்டான்."

அக்கா கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தியிருந்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அந்தக் கதைமேல் அவளுக்கு இருந்த கோபத்தை நான் அறிவேன்.

"அப்பிடின்னா பாவம்ப்பா அவரு" என்றாள்.

அப்பா சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புராணத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இருக்கப் போவதில்லை. நானும் அந்தக் கதையை இன்றுவரை முழுக்க மன்னிக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த யாரோ ஒருவர், பல நூறு வருஷங்களுக்கு முன்னால், எங்கள் மூன்று பேரோடு அந்த அறையில் வந்து உட்கார்ந்த மாதிரி அன்றைக்கு இருந்தது. அக்கா அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். நான் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, உப்புக் குறைவாக இருக்கிறது என்றார்.